உப்புச் சவர்க்காரம் வெட்டும் நேரம்

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் நம்மிடம் வந்து சேர்ந்தது. அவரும் அயல் லயத்துப் பெண்கள் இருவரும் தத்தம் சிறுசேமிப்பிலிருந்து பணம் போட்டுத் தேங்காய் எண்ணெய் வாங்கி, உப்புக் கலந்த குளியற் சவர்க்காரம் செய்திருக்கின்றனர். மாலையில் அச்சில் வார்த்துவிட்டு, மறுநாள் மலைக்குச் சென்று கொழுந்தெடுத்துத் திரும்பிய பின்னர் வெட்ட முற்பட்டபோது, கத்தி இறங்க மறுத்துவிட்டது. ஓங்கித் தட்டியதும், கல் உடைந்தாற் போலக் கட்டி முழுவதும் சிதறிப் போயிற்றாம். "எங்கள் கைக்கு இது வராத தொழிலா? இனி இதற்குக் காசு தரமாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை செய்து பார்க்கலாமா, விட்டுவிடலாமா?" என்று அவர் வினவியிருக்கிறார்.

மூன்று குடும்பங்களின் சேமிப்பு சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகவே இவ்வாரம் இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளோம். முதலில் சகோதரிக்கு ஒரு வார்த்தை: அவருடைய கையில் குற்றமில்லை. அளவிலும் பெரும்பாலும் குற்றமில்லை. வெட்டும் நேரம் மட்டுமே தவறிவிட்டது. நாமும் முதன்முறை செய்தபோது இரவு முழுவதும் அச்சிலேயே வைத்திருந்து, விடிந்ததும் இதே கல்லைத்தான் கண்டோம்.

உப்பும் சவர்க்காரமும் மலைநாட்டு மக்களுக்குப் பழகிய துணைகள். மழைக்காலத்தில் தேயிலை மலைகளில் அட்டைக்கடி பொறுக்க முடியாதது. காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போவதும், கடித்துத் தொங்கும் அட்டையின்மேல் உப்பை வைத்து விழச் செய்வதும் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. அவ்விரண்டையும் ஒரே கட்டியில் சேர்க்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், வெட்டும் நேரத்தின் அருமையும் தானே விளங்கும்.

எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் கூடி மாற்றமடையும்போது சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. கொழுப்புகளின் இயல்பை ஆராய்ந்து இதனைத் தெளிவாக்கியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் செவ்ரூல். அவருடைய நூல் 1823 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாம் இன்று பயன்படுத்தும் காரம் எரிசோடா. கடைக்காரர் கோஸ்டிக் சோடா என்பார். பாடப் புத்தகம் சோடியம் ஐதரொட்சைட்டு என்னும். இந்த எரிசோடாவும் உப்பிலிருந்தே பிறக்கிறது என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் குளோரீன் வாயுவும், மறுபுறம் ஐதரசன் வாயுவும் எரிசோடாக் கரைசலும் கிடைக்கும்.

இத்தொழில் நம் நாட்டிலேயே நடந்ததுண்டு. 1950களில் அரசாங்கம் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றை நிறுவிற்று. அருகிலுள்ள ஆனையிறவு உப்பளத்தின் உப்பை மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரீனும் அங்கே எடுத்தனர். 1980களில் போரின் காரணமாக அத்தொழிற்சாலை நின்று போயிற்று. ஆனையிறவு உப்பளமும் பின்னர்ச் செயலிழந்தது. 2009 இல் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அவ்வுப்பளத்தில் மீண்டும் உப்பு விளைகிறது. வடக்கின் உப்பும் தெற்கே அம்பாந்தோட்டையின் உப்பும் மேற்கே புத்தளத்தின் உப்பும், கரையோரத்துத் தென்னையின் எண்ணெயும் மலையேறி வந்துதான் ஒரு லயத்துப் பெண்ணின் கையில் கட்டியாகின்றன.

இனி உப்பின் குணத்தைப் பார்ப்போம். பெரிய தொழிற்சாலைகளில் கொப்பரையிலே காய்ச்சும் சவர்க்காரக் கூழினுள் உப்பை இடுவது நெடுநாளைய வழக்கம். உப்பு சேர்ந்ததும் சவர்க்காரம் நீரில் கரைந்து நிற்க முடியாமல் பிரிந்து மேலே திரளும். அப்படியானால் உப்புக் கலந்த கட்டி எவ்வாறு நுரைக்கும் என்று கேட்கலாம். இங்கேதான் தேங்காய் எண்ணெயின் சிறப்பு விளங்குகிறது. அதில் மிகுதியாக உள்ள லோரிக் அமிலத்திலிருந்து வரும் சவர்க்காரம் உப்பு நீரிலும் ஓரளவு கரையும், நுரையும் தரும். நன்னீர் குறைந்த பழங்காலக் கப்பல்களில் மாலுமிகள் கடல் நீரிற் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தை எடுத்துச் சென்றதும் இக்காரணம் பற்றியே. பாம் எண்ணெயையோ வேறு எண்ணெயையோ பெருமளவு கலந்து உப்புக் கட்டி செய்தால் நுரை வராது. விலை மலிவென்று எண்ணெயை மாற்றுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

கரைய விடாமல் திரளச் செய்யும் அந்த உப்பே, கட்டியை மிக விரைவாக இறுகவும் செய்கிறது. சாதாரணச் சவர்க்காரத்தை வார்த்த மறுநாள் ஆறுதலாக வெட்டலாம். உப்புச் சவர்க்காரமோ சில மணி நேரத்துக்குள் மெழுகுப் பதத்தைத் தாண்டிக் கற்பதத்தை அடைந்துவிடும். உப்புத் துகள்களைச் சவர்க்காரம் பற்றியிருக்கும் பிடி, இறுகிய பின்பு வளைந்து கொடுப்பதில்லை. கத்தி அழுத்தினால் அது துகள்களின் ஓரமாகப் பிளந்து உதிரும். சகோதரி கண்டது இதுவே.

செய்முறைக்கு வருமுன் ஒரு கண்டிப்பான வார்த்தை. எரிசோடா தோலைப் பொசுக்கும். கண்ணிற் பட்டால் பார்வையைப் போக்கும். குழந்தை வாயிலிட்டால் உணவுக்குழல் வெந்துவிடும். நம் லயங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றிலேயே அடுப்பும் படுக்கையும் தொட்டிலும் இருக்கும் குடும்பங்கள் பல. அத்தகைய அறைக்குள் இவ்வேலையைச் செய்தலாகாது. பிள்ளைகள் பாடசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ இருக்கும் நேரத்தில், காற்றோட்டமுள்ள வெளி இஸ்தோப்பில் செய்க. எரிசோடாவையும் அதன் கரைசலையும் ஒருபோதும் குடிநீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைத்தலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிக. எரிசோடாவை நீரினுள் சிறிது சிறிதாக இடுக. எரிசோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துச் சிதறும். தோலில் பட்டால் உடனே பீலியடிக்குச் சென்று ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணிற் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்க. விழுங்கினால் சற்றும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்க. ஒரு கிராம் வரை காட்டும் நல்ல தராசு கிடைக்காதவர்கள், கிடைக்கும் வரையில் இதைத் தொடாமலிருப்பதே நன்று. கரண்டி அளவு இங்கே செல்லாது.

அளவு இது: தேங்காய் எண்ணெய் 500 கிராம், எரிசோடா 73 கிராம், நீர் 146 கிராம், தூளாக்கிய உப்பு 250 கிராம். இவ்வளவு எண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 91 கிராம் எரிசோடா வேண்டும். நாம் வேண்டுமென்றே ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறோம். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும் இயல்புடையது. மாறாமல் மிஞ்சும் எண்ணெய் அந்தக் கடுமையைத் தணிக்கும்.

உப்பு நன்கு உலர்ந்ததாயும் மாப்போல் நுண்ணியதாயும் இருத்தல் வேண்டும். கல்லுப்பைப் பருமனாக இட்டால் கட்டி தோலைக் கீறும். வெட்டும்போது கத்தி கல்லில் இடறி ஓரம் பெயர்ந்துவிடும். ஆகவே உரலில் இடித்து அரிதட்டில் அரித்துக்கொள்க. ஈரம் கசியும் மட்டமான உப்பைத் தவிர்க்க. அதிலுள்ள மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மலைநாட்டில் இன்னொரு சிறப்பான இடையூறு உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையும். கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை. அங்கே காலையில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு துளி விழாது என்பதை இல்லத்தரசிகள் அறிவர். எண்ணெயை உருக்கி 40 பாகை அளவில் வைத்துக்கொண்டு, அதே அளவு சூட்டுக்கு ஆறிய காரநீரை அதில் ஊற்றிக் கிண்டுக. எண்ணெய் குளிர்ந்திருந்தால் கலவை தடித்தாற் போலத் தோன்றும். அது எண்ணெய் உறைவதனால் வந்த பொய்த் தடிப்பு. உண்மையான பதத்தில் கரண்டியிலிருந்து விழும் கலவை மேற்பரப்பில் ஒரு கோடு போலச் சற்று நேரம் நிற்கும். அந்தப் பதத்தில் உப்பைத் தூவிக் கலந்து, தாமதியாமல் அச்சில் வார்க்க. பாத்திரமும் கரண்டியும் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைக் காரநீர் அரித்து வாயுவை எழுப்பும்.

அச்சுக்கு உள்ளளவில் 24 சென்ரிமீற்றர் நீளமும் 7 சென்ரிமீற்றர் அகலமும் 6 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள மரப்பெட்டி போதுமானது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகை எங்கேனும் கிடைத்தால் அழகாக அமையும். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத் தாளையோ அலுமினியத் தாளையோ முழுவதும் உரித்தெறிதல் வேண்டும். பெட்டியின் உட்புறத்தில் எண்ணெய் ஊறாத தாளை விரிக்க. மேல்விளிம்பில் 2 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாகப் பென்சிலால் குறித்து வைத்தால், வெட்டும் அவசரத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. மேற்கூறிய அளவுக்கு இப்பெட்டியில் ஏறத்தாழ 12 கட்டிகள் வரும்.

வார்த்ததும் பெட்டியைப் பழைய கம்பளியால் சுற்றி வைக்க. கொழுந்து மலையில் மழையையும் குளிரையும் தாங்கும் அதே கம்பளி, சவர்க்காரம் தன்னுள் பிறக்கும் சூட்டை இழந்துவிடாமலும் காக்கும். சூடு விரைவில் தணிந்துவிட்டால் ஓரங்கள் மாப்போல் உதிரும். நடுவில் மட்டும் இறுகும்.

இப்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வார்த்து ஒரு மணி நேரம் கழிந்ததும் கம்பளியை விலக்கி, கையுறையிட்ட விரலால் மெதுவாக அழுத்துக. விரல் புதைந்தால் மீண்டும் மூடிவிடுக. அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துவருக. விரல் புதையாமல் சிறு தடம் மட்டும் விழுந்து, தொட்டால் இன்னும் இளஞ்சூடாக இருக்கும் நேரமே வெட்டும் நேரம். நன்றாகக் கிண்டி இறக்கிய தொதல் கத்திக்கு எவ்வாறு இசையுமோ, அவ்வாறு இசையும். பெரும்பாலும் இது முதல் மணிக்கும் நான்காம் மணிக்கும் இடையில் வரும். ஒரே வீட்டில் ஒரே அளவில் செய்தாலும் வெயில் நாளும் மழை நாளும் ஒன்றாக இரா. ஆகையால் மணிக்கணக்கை வழிகாட்டியாகக் கொண்டு, விரலின் தீர்ப்பையே முடிவாகக் கொள்க. மாலையில் வார்த்துவிட்டு உறங்கப் போகும் வழக்கம் இதற்குப் பொருந்தாது. வேலையில்லாத நாளின் காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்வதே புத்தி.

மெல்லிய அலகுள்ள, நீண்ட கத்தியை எடுத்து, குறித்த கோட்டில் வைத்து நேராகக் கீழே அழுத்துக. அரிவாள்போல் இழுத்தறுத்தலாகாது, இழுக்கும்போது உப்புத் துகள்கள் உருண்டு முகத்தைக் கீறிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தியைத் துடைத்துக்கொள்க. வெட்டிய முகத்தில் திரவம் கசிந்தாலோ, தனியாக வெள்ளைப் பொடித் திட்டுகள் தோன்றினாலோ, காரம் சரியாகக் கலக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அந்த வார்ப்பை ஒருவருக்கும் கொடுத்தலாகாது.

வெட்டி முடிந்ததும் ஓரம் சீவுதல். இதையும் அன்றே, பிந்தினால் மறுநாளுக்குள், செய்து முடிக்க வேண்டும். உருளைக்கிழங்கு சீவும் தோல்சீவியே இதற்கு ஏற்றது. கூரிய விளிம்பு ஒவ்வொன்றிலும் இரண்டு மில்லிமீற்றர் அளவில் சாய்வாக ஒரே இழுப்பில் சீவுக. அழகு ஒருபுறம் இருக்க, உப்புக் கட்டியின் கூர்விளிம்பு கண்ணாடித் துண்டுபோல் தோலைக் கீறும் என்பதே முதன்மையான காரணம். அன்றியும் கூர்முனை உள்ள கட்டி ஒன்றோடொன்று உராய்ந்து மூலை பெயரும். சீவிய பின் சற்றே ஈரமான துணியால் முகத்தை ஒருமுறை துடைத்தால் வழவழப்பு வரும். புதிய கட்டியில் காரம் இன்னும் முற்றாக அடங்கியிராததால், இவ்வேலை முழுவதும் கையுறையுடனே நடக்க வேண்டும்.

சீவலும் உடைசலும் வீண் பொருள்களல்ல. சாதாரணச் சவர்க்காரத்தைப்போல் இவற்றை உருக்கி மீண்டும் வார்க்க முடியாது. உப்பு அதற்கு இடங்கொடாது. துருவி அடுத்த வார்ப்பில் சிறிதளவு கலக்கலாம். அல்லது கட்டிகளோடு ஒரு மாதம் உலர்த்தி, துணிப் பையில் கட்டிப் பீலியடியில் தொங்கவிட்டால் கொழுந்துக் கறை படிந்த கைகளைக் கழுவ உதவும். கடிதம் எழுதிய சகோதரி தம் உடைந்த துண்டுகளை எறிந்திருக்க மாட்டார் என்று நம்புகிறோம். அளவு சரியாக இருந்திருந்தால் அவற்றில் போட்ட காசு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதுவரை வேகம் வேண்டியிருந்த வேலை இனிப் பொறுமையைக் கேட்கிறது. கட்டிகள் ஒன்றையொன்று தொடாதவாறு தட்டில் அடுக்கி, குறைந்தது நான்கு வாரம் காற்றாட வைக்க வேண்டும். நம் மலைகளில் அதற்கும் பகை உண்டு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கங்களை நனைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் கட்டி வியர்ப்பது இயல்பே. அதனால் கட்டி கெட்டுவிடாது, துடைத்து வைக்கலாம். எனினும் அப்பகுதியினர் சனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட காலத்தில் செய்து வைத்துக்கொள்வது உத்தமம். மார்ச்சில் உலர்ந்து முடியும் கட்டி, நுவரெலியாவில் ஏப்பிரல் வசந்த காலத்துக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டவும் ஏற்ற சமயத்தில் தயாராக இருக்கும்.

விற்க எண்ணுவோருக்கு இரண்டொரு சொல். கட்டி உலரும்போது நீர் போய் எடை குறையும். வெட்டிய அன்றைய எடையைத் தாளில் எழுதி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். உலர்ந்த பின் நிறுத்து அதையே எழுதுக. எண்ணெயைவிட உப்பு மலிவு. எடை கூட்டுவதற்காக உப்பை ஏற்றும் ஆசை வரும். எவ்வளவு உப்பு இட்டோம் என்பதையும் தாளிற் குறித்துவிட்டால் அந்த ஆசை அடங்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் கிடைக்கும் பி.எச். தாளால் ஒவ்வொரு வார்ப்பையும் சோதிக்கலாம்; 9, 10 என்ற அளவு சவர்க்காரத்துக்கு இயல்பு, 11க்கு மேல் காட்டினால் கொடுத்தலாகாது. சந்தைக்கு இறங்குமுன் பிரதேச செயலகத்தில் விதிகளை விசாரித்துக்கொள்க.

மறைக்காமல் இன்னொன்றும் கூற வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கடைச் சவர்க்காரத்தின் விலை ஏறிய ஏற்றம் எவருக்கும் மறந்திராது. ஆயினும் தேங்காய் எண்ணெயும் விலையுயர்ந்த பொருளே. துணி துவைக்கும் கட்டிக்கு மாற்றாக இதைச் செய்தால் மிச்சம் ஒன்றும் இராது. அன்றியும், குளிரிலும் பனியிலும் கொழுந்தெடுத்து விரல்நுனி வெடித்திருப்போருக்கு இவ்வுப்புக் கட்டி எரிச்சலையே தரும். அவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது வேண்டாம். விரல் வெடித்தோருக்கு இதே அளவில் உப்பை மட்டும் நீக்கி ஒரு வார்ப்புச் செய்துகொள்க. வீட்டில் முதற் கட்டி அவ்வாறு வெடித்த கைகளுக்கே போகட்டும்; உப்புக் கட்டி விற்பனைக்கு இருக்கட்டும்.

தேயிலைக் கொழுந்து கூடையிலிருந்து மடுவத்துக்குப் போய், நிறுவையோடு பறித்தவரின் கையை விட்டு நீங்கிவிடுகிறது. அது எந்தத் தாளில் சுற்றப்பட்டு, எந்த நாட்டு மேசையை அடைகிறது என்பதைப் பறித்த பெண் காண்பதில்லை. எண்ணெயாகத் தொடங்கி, ஓரம் சீவிய கட்டியாக அவள் கையிலேயே முடியும் இச்சிறு பொருளுக்கு அவளே விலை குறிக்கலாம். வீட்டார் பணம் தர மறுத்தாலும் இதை விட்டுவிட வேண்டாம் என்று நாம் கூறுவது இதனாலேயே.

ஆகவே சகோதரிக்கு நம் மறுமொழி: இன்னொரு முறை செய்க. ஆனால் இம்முறை 500 கிராம் எண்ணெய்க்கு மேற்படாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மூவரும் கூடியிருந்து செய்க. ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்; ஒருவர் கிண்டட்டும்; மற்றவர் கடிகாரத்தைப் பார்த்திருக்கட்டும். கத்தி தானாக இறங்கும் நேரத்தைக் கண்டுபிடித்ததும் அதை ஒரு கொப்பியில் குறித்து வைத்து, அந்நாளின் வானிலையையும் எழுதி, நமக்கும் ஒரு வரி அனுப்புக. மற்றத் தோட்டங்களின் வாசகியருக்கும் அக்குறிப்பு பயன்படும்.